தணிகா அண்ணனோட சத்தம்

வாங்கடா, வாங்க. எங்க இன்னும் ஆளக் காணோமேன்னு பாத்தேன். ஓசி ஷோன்னா மட்டும் முன் வரிசைல வந்து உக்காந்துருவீங்களே. என் மண்டைக்குள்ள வர்றதுக்கு டிக்கெட்டும் இல்ல, வாட்ச்மேனும் இல்ல, அதான் பொழுதன்னைக்கும் இங்கயே கெடக்கறீங்க. நான் பல்லு வெளக்கும்போதும் உக்காந்திருக்கீங்க, பஸ்ஸுல ஃபுட்போர்டு அடிக்கும்போதும் உக்காந்திருக்கீங்க. இஞ்சினியரிங் மூணாவது வருஷ பரீட்சைல கொஸ்டின் பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்து, பின்பக்கமாவது நமக்குத் தெரிஞ்சது ஏதாவது இருக்கான்னு தேடினேன் பாருங்க, அப்பவும் உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிச்சீங்க. ஒருத்தனாச்சும் பதில் சொல்லிக் குடுத்தீங்களாடா? அன்னைக்கு ஹால விட்டு வெளிய வந்தவன்தான், காலேஜ் பக்கமே திரும்பிப் போகல. சரி, அத விடுங்க செல்லங்களா. இன்னைக்கு ஷோ பெருங்குடில. கண்ணாடி பில்டிங், ஆறாவது மாடி, கேண்டீன். கேண்டீன்னு சொன்னா கோச்சுக்கறாங்க, கஃபட்டேரியாவாம். தூணுக்குப் பின்னாடி சிவப்பு வெல்வெட்டு சட்டை, வயித்துல தலகாணி கட்டிக்கிட்டு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறான் பாருங்க, அது சாட்சாத் உங்க டில்லிபாபுதான். எங்கப்பாவுக்கு பேரப்பிள்ளை பாக்கணும்னு ஆச. அவரு பையன் இருவத்திமூணு வயசுல நேரா தாத்தாவே ஆயிட்டான். தாடிய மட்டும் ரொம்பப் பாக்காதீங்க. டிசம்பர்ல வாடகைக் கடைல கிறிஸ்துமஸ் தாடியெல்லாம் தீந்துருச்சாம், புராண நாடகத்து ரிஷி தாடியத் தூக்கிக் குடுத்துட்டான். தொப்புள் வரைக்கும் தொங்குது. கிஃப்டு குடுக்க வந்திருக்கேனா சாபம் குடுக்க வந்திருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. மூக்குக்குக் கீழ ஒரே இருமல் மருந்து வாசனை, எந்த ரிஷிக்கு எப்ப சளி புடிச்சிச்சோ. மூச்ச வாய் வழியா விட்டா முடி வாய்க்குள்ள போகுது, மூக்கு வழியா விட்டா மருந்து உள்ள போகுது. ஸ்பீக்கர்ல பாஸ் அடிக்கற ஒவ்வொரு அடிக்கும் தலகாணி நடுங்குது.

இந்த ஆபீஸ் என்ன ஆபீஸ்னு கேளுங்க. ஆஸ்பத்திரி பில்ல வாங்கிப் பாத்து, இன்சூரன்ஸ் காச ஏன் குடுக்க முடியாதுன்னு காரணம் கண்டுபிடிச்சுச் சொல்ற ஆபீஸ். வருஷம் பூரா ஊருக்கே இல்லன்னு சொல்லிட்டு, வருஷக் கடைசில பலூன் கட்டி பிரியாணி போடறாங்க. இப்ப மேடைல ஆறு பசங்க கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு ஆடிட்டிருக்காங்க. ஒருத்தன் இடது பக்கம் போனா அஞ்சு பேரு வலது பக்கம் போறாங்க, அந்த ஒருத்தன் மூஞ்சில என்னா சந்தோஷம், தான்தான் கரெக்டுன்னு. சிரிக்காதீங்க. எனக்கு இது புடிக்கும், சத்தியமா. ஆட வராதவன் ஆடறத பாக்கறதுல ஒரு சொகம் இருக்கு. போன வருஷம் ஒரு மால்ல ஒரு பாப் பாடகரோட ஷோ, அவரு பின்னாடி பாண்டா கரடி வேஷத்துல ஆடினேன் நானு. பாட்டு ஏற்கெனவே ரெக்கார்டு பண்ணது, அவரு வாய மட்டும்தான் அசைச்சாரு, அது பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும். ஆனா கீழ மூணு மாடி கம்பியப் புடிச்சுக்கிட்டு ஜனம் தொங்குது, பொண்ணுங்க கண்ணுல தண்ணி, ஒரு கொழந்த என் வால இழுக்குது. பாண்டாவுக்கு அவ்ளோ பெரிய வால் கிடையாதுன்னு கூட அந்த மால்ல யாருக்கும் தெரியல. அன்னைக்கு எனக்கு உடம்பு பூரா புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் அடுத்த நாள் எங்க மொட்ட மாடிக்குப் போனேன். பெரம்பூர்ல ஒரு டுடோரியல் சென்டர் மேல, வாட்டர் டேங்க் பக்கத்துல, எங்க நாடகக் குழு. நவீன நாடகம். நவீனம்னா என்னன்னு எங்கம்மா கேட்டாங்க. வசனம் கம்மியா இருக்கும்மா, சேர் இருக்காதுன்னு சொன்னேன். அன்னைக்கு ஷோ பாக்க வந்தவங்க பதினோரு பேரு, அதுல ஏழு பேரு நடிக்கறவங்க வீட்டு ஆளுங்க, ஒருத்தர் தண்ணி டேங்க் ரிப்பேர் பண்ண வந்தவரு. அங்க வாய் அசைச்சவனுக்கு மூணு மாடி ஜனம், இங்க உயிரக் குடுக்கறவனுக்கு டேங்க் ரிப்பேர்காரரு. இத நெனச்சா எனக்கு சிரிப்புதான் வரணும். வரல.

உயிரக் குடுக்கறவன்னு சொன்னேன்ல, அது நான் இல்ல. தோ, மூணாவது டேபிள்ல ஓரமா, சந்தனக் கலர் சட்ட, பேப்பர் தொப்பிய தலைல வைக்காம தொடை மேல வெச்சு நீவிக்கிட்டே இருக்காரே, நாப்பது வயசு ஆளு, அவருதான். தணிகைவேல். எங்களுக்குத் தணிகா அண்ணன். நான் கதவத் தொறந்து உள்ள வந்ததும் பாத்தேன், பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த ஆபீஸா அது? அவரு வேல பாக்கற ஆபீஸ் பேர எங்ககிட்ட சொன்னதே இல்ல. மாடிக்கு வந்தா சட்டப் பையில இருக்கற ஐடி கார்ட எடுத்து ஷூவுக்குள்ள வெச்சுட்டுத்தான் வட்டத்துல உக்காருவாரு. எங்க குழுவ நடத்தறது எஸ்தரக்கா. போன ஆடி மாசம் அக்கா எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சு ஒரு வேல குடுத்தாங்க. ஆளுக்கு ஒரு சத்தம் கொண்டு வரணும். அடுத்தவங்க முன்னாடி நீங்க போட்டதே இல்லாத சத்தம், உங்களோடது மட்டும். வட்டத்துல குடுத்தது வட்டத்துலயே இருக்கணும், படி எறங்கும்போது ஒருத்தரும் கீழ எடுத்துட்டுப் போகக் கூடாது. எங்க குழுவுக்கு இருக்கற ஒரே சட்டம் இதுதான், மத்தபடி நேரத்துக்கு வரணும்னு கூட சட்டம் கிடையாது. நான் மொத ஆளா எந்திரிச்சு குக்கர் விசில் போட்டேன். பஸ் ஹாரன் போட்டேன். எங்கப்பா கொறட்டைய ஏத்தி எறக்கிப் போட்டேன். எல்லாரும் உருண்டு பொரண்டு சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சாங்க, சிரிச்சிட்டு, "எல்லாமே அடுத்தவங்க சத்தம்டா டில்லி. உன்னோடது எங்க?"ன்னாங்க. இது என்ன கேள்வி? குக்கர் எங்க வீட்டு குக்கர்தானே? அதையும் சொன்னேன், அதுக்கும் சிரிச்சாங்க. ஆனா கேள்வி அங்கயே நின்னுச்சு. இன்னும் நிக்குது, இந்தத் தாடி மாதிரி, எங்க திரும்பினாலும் வாய்க்குள்ள வருது. உன்னோடது எங்க, உன்னோடது எங்க. எங்கயோ இருக்கும் போங்கக்கா, தேடிக் குடுங்க.

அப்புறம் தணிகா அண்ணன் எந்திரிச்சாரு. குனிஞ்சே நின்னாரு. "எங்க மேனேஜரு திங்கக்கிழம மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சு திட்டுவாருங்க"ன்னாரு. "முடிஞ்சதும் நான் பாத்ரூம் போயிருவேன். டிஷ்யூ பேப்பர சுருட்டி வாய்க்குள்ள வெச்சுப்பேன். ஃப்ளஷ்ஷ அமுக்கிருவேன். அந்தத் தண்ணி ஓடற வரைக்கும் சத்தம் வெளிய கேக்காது. அதுக்குள்ள முடிச்சிரணும். முடியலன்னா டேங்க் ரொம்பற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு நின்னுட்டு, மறுபடி அமுக்கி, பாக்கிய அழுவேன்." அவ்ளோதான் சொன்னாரு. சொல்லிட்டு அந்த சத்தத்தக் குடுத்தாரு. எப்படிச் சொல்றது உங்களுக்கு. அழுகன்னு சொல்ல முடியாது, அழுகைய முழுங்கறப்போ தொண்டை தாங்காம லேசா கிழியுமே, நாய்க்குட்டி கால மிதிச்சா முழு சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு வருமே, அது. நடுவுல சட்டுன்னு நிறுத்தி மூச்சு வாங்குவாரு, தண்ணி தீந்துருச்சுல்ல, அதுக்காக. அந்த நிறுத்தம்தான் என்னைக் கொன்னுச்சு. டேங்க்ல தண்ணி சொட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. எஸ்தரக்கா ரெண்டு நாள் யார்கூடவும் சரியாப் பேசல, அப்புறம் வந்து, இதுதான் நம்ம நாடகம்னாங்க. நாடகமே அந்த சத்தத்த சுத்தித்தான் கட்டினாங்க. பொங்கல் முடிஞ்சதும் ஷோ, இந்த வாட்டி நெஜமான ஹால்ல, நெஜமான சேர் போட்டு. அதுல எனக்கும் ஒரு வேஷம் இருக்கு, என்னான்னு கேளுங்க. ஃப்ளஷ்ஷு. சத்தியமாடா. கறுப்புத் துணிக்குப் பின்னாடி நின்னு பக்கெட்டுல இருந்து தண்ணி ஊத்தணும். மூணு வருஷமா உடம்ப வளச்சு, குரலப் பழக்கி, மாடி பூரா தவழ்ந்து, கடைசில நானு கக்கூஸ் தண்ணி. "டைமிங் உனக்குத்தான்டா வரும்"னு சொல்லி அக்கா தோள்ல தட்டினாங்க. ஒத்திகை பாக்க வந்தவங்கள்ல ஒரு பொம்பள முந்தானைய வாய்ல அமுக்கிக்கிட்டு அழுதுச்சு. யாருமே கை தட்டல, கை தட்டணும்ங்கறதே மறந்துட்டாங்க. துணிக்குப் பின்னாடி காலி பக்கெட்டப் புடிச்சிக்கிட்டு நின்ன எனக்கு அழுக வரல. பத்திக்கிட்டு எரிஞ்சுது. வீட்டுக்குப் போய் பாத்ரூம் கதவச் சாத்திட்டு அந்த சத்தத்தப் போட்டுப் பாத்தேன். மொத நாள் வரல. அப்புறம் வந்துச்சு. கிழியற எடம், நிறுத்தற எடம், எல்லாம் அச்சு அசலா. "டேய், வயித்து வலியாடா, ஓம வாட்டர் போடவா?"ன்னு எங்கம்மா கதவத் தட்டினாங்க. பாத்தீங்களா, அவ்ளோ தத்ரூபம்.

பாட்டு முடிஞ்சுது. கூலிங் கிளாஸ் பசங்க எறங்கறாங்க, தப்பா ஆடினவனுக்குத்தான் விசில் ஜாஸ்தி. ஹெச்.ஆர். பொண்ணு ஷர்மிளி, தலைல மான் கொம்பு மாட்டியிருக்கு, ஓடி வந்து, "சாண்டா, லஞ்ச் முடிஞ்சதும் கேம், நீங்கதான் ஃபுல்லா கன்ட்ரோல் பண்ணணும், எம்.டி. ஆபீஸ்ல இருந்தெல்லாம் பாக்கறாங்க, எனர்ஜி எறங்கவே கூடாது"ன்னு சொல்லிட்டு கொம்போட ஓடிருச்சு. நான் கை கழுவற எடத்துக்குப் போயி தாடியத் தூக்கி மூஞ்சில தண்ணி அடிக்கறேன். கண்ணாடில பாத்தா பின்னாடி சந்தனக் கலர் சட்ட. "டில்லி? நீதானே?" கொரலு அவ்ளோ சின்னதா வருது. "உள்ள வரும்போது ஹோ ஹோன்னு சொன்னப்பவே சந்தேகப்பட்டேன்பா." நான் தாடிய எறக்கி விட்டுட்டு, "யாரு டில்லி? நான் பனிப் பிரதேசத்துல இருந்து மான் வண்டி புடிச்சு வந்திருக்கேன் மகனே, ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல மானுங்கள்லாம் அழுதுருச்சு"ன்னேன். சிரிச்சாரு பாவம். சிரிச்சிக்கிட்டே பின்னாடி திரும்பி யாராவது வராங்களான்னு பாத்தாரு. "தம்பி, இங்க யாருக்கும் தெரியாதுப்பா. நான் மாடிக்கு வர்றது, நாடகம், எதுவும். தெரிஞ்சா ஏப்ரல்ல ஆளக் கொறைக்க லிஸ்ட் எடுக்கும்போது வேலைல கவனமில்லன்னு அதையே காரணமாச் சொல்லிருவாங்க. ஏற்கெனவே ரெண்டு பேரத் தூக்கியாச்சு. அதுகூடப் பரவால்ல. அந்த... நான் வட்டத்துல குடுத்தது. அது இங்க..." குழாய மூடினாரு, தொறந்தாரு, மூடினாரு. "அண்ணே, நான் சாண்டாண்ணே. எனக்கு உங்கள யாருன்னே தெரியாது. போயி பிரியாணி சாப்புடுங்க"ன்னேன். "நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும் டில்லி, ச்சே, பேரச் சொல்லிட்டேன் பாரு. நல்ல பையன்பா நீ"ன்னு சொல்லி என் தலகாணி வயித்தத் தட்டிட்டுப் போனாரு. நல்ல பையன். இதக் கேட்டு எவ்ளோ நாளாச்சு. காலேஜ விட்டதுல இருந்து வீட்டுல அந்த வார்த்தைய யாரும் எடுக்கல. நல்ல பையன்னு சொன்ன ஆளப் பாத்து எனக்கு எதுக்கு எரியணும்? அவரு எனக்கு என்ன பண்ணாரு? டீ வாங்கிக் குடுத்திருக்காரு, மழைல பைக்ல ஏத்திட்டுப் போயிருக்காரு. அழத் தெரிஞ்சிருக்கு, அதான் அவரு பண்ண தப்பு. சும்மா நின்னு, ஒரு வாட்டி, அவரோடதக் குடுத்தாரு, எல்லாத்தையும் குடுத்துட்டாங்க அவருக்கு, ஹாலு, நாடகம், எஸ்தரக்காவோட ரெண்டு நாள் மவுனம். எனக்கு பக்கெட்டு. திரும்பத் திரும்ப பக்கெட்டுலயே வந்து நிக்கிறேன் பாருங்க. வேற யோசிடா டில்லி. பிரியாணி வாசனைய யோசி. கேம யோசி.

கேம் என்னன்னா கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு. டிசம்பர் வந்தா இந்த ஊரு ஆபீஸுங்கள்ல இது ஒரு வியாதி. சீட்டு குலுக்கி ஆளுக்கு ஒரு பேர எடுப்பாங்க, எடுத்தவங்க அம்மா, பேரு வந்தவங்க கொழந்த. அம்மா யாருன்னு கொழந்தைக்குத் தெரியாது. அம்மா ஒளிஞ்சிருந்தே தெனம் ஒரு கட்டள போடும், ஒரு நாள் ரெட்டச் சட போட்டுட்டு வா, ஒரு நாள் லிஃப்ட்டுல வர்றவங்களுக்கெல்லாம் சல்யூட் அடி. கடைசிக் கட்டள பார்ட்டில, எல்லார் முன்னாடியும். தாத்தா சீட்டப் படிப்பாரு, கொழந்த செஞ்சு காட்டும், அம்மா ஓடி வந்து கிஃப்டு குடுத்து கட்டிப் புடிச்சுக்கும். நான் மைக்க எடுத்தேன். ஆஹா, மைக்க எடுத்ததும் என் தோள்பட்ட தானா எறங்குது, நாக்கு தானா சுத்துது. முதல்ல வந்த பையன கோழி மாதிரி நடக்க வெச்சேன், "தம்பி, முட்ட போட்டா அதுக்கு இன்சூரன்ஸ் உண்டான்னு கேட்டுட்டுப் போடு"ன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒரு லேடி வந்து தெலுங்குல சண்ட போட்டுக் காட்டினாங்க, நான் புரியாம தமிழ்ல மன்னிப்பு கேட்டேன், அதுக்கும் விசில். ஹால் பூரா என் கையில இருக்கு. இருவத்தஞ்சு டேபிள். இந்தச் சிரிப்பு இருக்கே, இது மூஞ்சில வெந்நீர் ஊத்தற மாதிரி, சூடா, இதமா, அடுத்த செகண்டே ஆறிப் போயிரும், மறுபடி ஊத்தணும். அடுத்த சீட்டப் பிரிச்சேன். தணிகைவேல். ஒரு பாட்டுப் பாடவும். அவ்ளோதான். யாரோ பாவம் பாத்த அம்மா, இவர கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு லேசா எழுதியிருக்கு. நான் நல்ல பையனாத்தான் இருந்தேன்டா, நீங்களே பாத்தீங்கல்ல? "சாரு வாங்க, ரெண்டு வரி பாடுங்க, ஓடிருங்க"ன்னேன். வந்தாரு. மைக்க ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு ஏதோ பழைய பாட்டு, கண்ண மூடி, மெல்லிசா. நல்லா இல்ல, மோசமாவும் இல்ல. ஆனா ஹால் ஆறுது. பின் டேபிள்ல போன எடுக்கறாங்க. ஸ்வீட் கவுன்டர் பக்கம் நாலு பேரு எந்திரிச்சிட்டாங்க. மான் கொம்பு தூரத்துல இருந்து ரெண்டு கையையும் மேல தூக்கித் தூக்கிக் காட்டுது, எனர்ஜி, எனர்ஜி. அப்போ முன் டேபிள்ல இருந்து ஒரு கொரல். "தணிகைவேல்! கிளைம் ரிஜெக்ட் பண்ற லெட்டர படிக்கற மாதிரியே பாடறீங்களே!" மேனேஜர் ஹரிஹரன். திங்கக்கிழம ஆளு. வெள்ளச் சட்ட, ஜாலியான மூஞ்சி, பாத்தா கோவமே வராத மாதிரி இருக்காரு. அவ்ளோதான், ஹால் இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. எனக்கு அதுவரைக்கும் வராத சிரிப்பு.

இங்கதான் நிக்குது எல்லாம். இந்த எடத்துலதான் என் மண்ட மாட்டிக்கிட்டு சுத்துது. என் மைக், என் மேடை, நான் வேர்த்து ஊத்தி சூடு பண்ணி வெச்ச ஹாலு, சிரிப்பு அந்தாளுக்கு. தணிகா அண்ணன் பாட்ட நிறுத்திட்டு, அதே சிரிப்போட, மைக்க என்கிட்ட நீட்டறாரு. வாங்கிட்டு, சாருக்கு ஒரு கைத்தட்டல்னு சொல்லியிருந்தா முடிஞ்சிது. ஆறு வார்த்த கூட இல்ல. அவரு எறங்கிப் போயிருப்பாரு, யாரோ ஒரு அம்மா வந்து பிளாஸ்க்கோ போட்டோ ஃபிரேமோ குடுத்திருக்கும். நான் மைக்க வாங்கி, இன்னொரு கைய அவரு தோள் மேல போட்டு, "சார் எங்கயும் போகாதீங்க"ன்னேன். "பாட்டு சுமாரா இருக்கலாம் மக்களே. ஆனா இந்த ஆபீஸ்ல ஒரு ரகசியக் கச்சேரி வாரா வாரம் நடக்குது, யாராச்சும் கேட்டிருக்கீங்களா?" ஹால் திரும்புது. போன கீழ வைக்கறாங்க. என் கைக்குக் கீழ அவரு தோள் இறுகுது, கட்டை மாதிரி. "டில்லி, வேணாம்"ங்கறாரு, உதடு கூட அசையாம, எனக்கு மட்டும். "திங்கக்கிழம, மீட்டிங் முடிஞ்சதும், பாத்ரூம்ல, ஃப்ளஷ் சத்தத்தோட சேத்து ஒருத்தரு பாடுவாரு. தாளம் தண்ணி. பாட்டு இப்படி." அப்புறம் நான் போட்டேன். மொதல்ல வாயாலயே ஃப்ளஷ், அது எனக்குக் கை வந்த கல. அதுக்குள்ள அந்த சத்தம். கிழியற எடம். நிறுத்தம். வாயப் பொத்திக்கிட்டு டேங்க் ரொம்பக் காத்திருக்கறது, வாட்ச்சப் பாத்துக்கிட்டே, அது நான் சேத்தது. மறுபடி ஃப்ளஷ், மறுபடி பாக்கி. சிரிப்புன்னா சிரிப்பு, ஒருத்தன் டேபிளத் தட்டறான், ஒருத்தி பக்கத்துல இருக்கறவ தோள்ல சாயறா. நாலாவது டேபிள்ல ஒரு பொண்ணு மட்டும் சிரிக்கல. ஸ்பூன கீழ வெச்சிட்டு தட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. லேடீஸ் பாத்ரூம்லயும் ஃப்ளஷ் இருக்கும்ல. ஹரிஹரன் சாரு கண்ணுல தண்ணி வர சிரிச்சிட்டு எந்திரிச்சு நின்னாரு. "சூப்பர்ப்பா சாண்டா! யாருப்பா அது? பேரச் சொல்லு! ஒன்ஸ் மோர்!" எல்லாரும் புடிச்சிக்கிட்டாங்க. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர். தணிகா அண்ணனும் கை தட்டிட்டிருந்தாரு. யாரோடயோ சத்தத்தக் கேட்டு சிரிக்கற ஆள் மாதிரி, பல்லெல்லாம் தெரிய, எல்லாரையும் விட கொஞ்சம் சத்தமா. ஒதட்டுக்கு மேல வேர்வ. கண்ணு மட்டும் என் மேல.

இப்போ ஏதேதோ தோணுது எனக்கு. எஸ்தரக்காகிட்ட என்னென்ன சொல்லலாம்னு வரிசையா வருது. வாய் தவறிருச்சுக்கா. மைக் போதைக்கா. நாடகத்த ஜனங்க இருக்கற எடத்துக்கு எடுத்துட்டுப் போகணும்னு நீங்கதானேக்கா சொல்லுவீங்க, அந்த மேனேஜர் மூஞ்சிக்கு நேரா போட்டேன்க்கா, அவனுக்கு ஒறைக்கட்டும்னு. இது நல்லா இருக்குல்ல? புரட்சி மாதிரி கூட இருக்கு. அக்கா நம்பலாம். தணிகா அண்ணன் கூட, நல்ல மனுஷன், பரவால்ல விடுப்பான்னு சொல்லிருவாரு, டீ வாங்கிக் குடுப்பாரு. ஆனா அந்தக் கதையெல்லாம் மொத தடவைக்குத்தான் செல்லும். மொத தடவ முடிஞ்சு, அவரு மூஞ்சப் பாத்து, அந்தக் கைத்தட்டலப் பாத்து, அதுக்கு அப்புறம் நான் மைக்க வாய்க்கிட்ட கொண்டு போனேன். "நம்ம தணிகைவேல் சார்தான் அது"ன்னு பேரச் சொன்னேன். சொல்லிட்டு ரெண்டாவது தடவையும் போட்டேன், அவரு கண்ணப் பாத்துக்கிட்டே, நிறுத்தத்த இன்னும் கொஞ்சம் நீட்டி, இன்னும் நல்லா. வாய் தவறல. மேனேஜருக்கு ஒறைக்கணும்னும் இல்ல. அவருகிட்ட மட்டும் அப்படி ஒண்ணு இருந்துச்சு, என்கிட்ட இல்ல. இனிமே மாடில போய் நின்னா அவருக்கு அது வரக் கூடாது. அதுக்குத்தான் செஞ்சேன்.